பெஞ்சில் உட்கார்ந்த கிரெட்ஸ்கியும் ரசிகர்கள் போட்ட கணக்கும்

முதலில் ஒரு விளக்கம். இந்தக் கட்டுரையில் வரும் ஹாக்கி, தியான் சந்தும் பாஸ்கரனும் தன்ராஜ் பிள்ளையும் ஆடிய ஹாக்கி இல்லை. பெயரும் வளைந்த மட்டையும்தான் இரண்டுக்கும் பொது. இது ஐஸ் ஹாக்கி. காலில் சறுக்குக் காலணி, தரையெல்லாம் பனி, பந்துக்குப் பதில் 'பக்' என்கிற கறுப்பு ரப்பர் வட்டு. கனடாக்காரர்களுக்கு இது நமக்குக் கிரிக்கெட் மாதிரி. அதாவது, டீக்கடையில் நிற்கிற எல்லோருமே செலக்டர்கள்.

சென்னை வெயிலில் உட்கார்ந்திருக்கும் எனக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். எனக்கு ஆட்டத்தைவிட அதைச் சுற்றி நடந்த ஒரு சண்டை முக்கியம். "மட்டையே பிடிக்காதவன் டீமைப் பற்றிப் பேசலாமா?" என்ற சண்டை. பி.இ. படித்து, பகலில் ப்ரோகிராம் எழுதி, ராத்திரியில் வரலாறு படிக்கிற ஆளுக்கு இதே கேள்வி வேறு வேறு வடிவத்தில் வந்துகொண்டே இருக்கும். "நீங்க ஹிஸ்டரி படிச்சவரா சார்?" என்பார்கள். அதனால் வெளியாட்கள் ஒரு துறைக்குள் எப்படி நுழைந்தார்கள் என்பதைத் தேடிப் படிப்பதில் எனக்குக் கொஞ்சம் சுயநலம் உண்டு. பேஸ்பாலில் இது முன்பே நடந்து, புத்தகமாகி, சினிமாவாகவும் ஆகிவிட்டது. ஹாக்கியில் நடந்தது நம் பக்கம் அவ்வளவாகத் தெரியாது.

45 விநாடிக்கு ஒரு தேர்வு

கிரிக்கெட்டில் பதினோரு பேரை அறிவித்தவுடன் பாதிச் சண்டை முடிந்துவிடும். ஐஸ் ஹாக்கியில் சண்டை அங்கேதான் ஆரம்பிக்கும். என்எச்எல் என்கிற வட அமெரிக்கத் தொழில்முறை லீகில் ஓர் ஆட்டத்துக்கு 20 பேர் உடை மாற்றித் தயாராகிறார்கள். 18 ஆட்டக்காரர்கள், 2 கோல்கீப்பர்கள். பனியில் ஒரு நேரத்தில் இருப்பது கோலியையும் சேர்த்து ஆறு பேர்தான். முழு வேகத்தில் சறுக்கினால் முக்கால் நிமிடத்தில் மூச்சு வாங்கிவிடும். அதனால் ஆட்டம் நிற்காமலேயே ஆள் மாறிக்கொண்டிருப்பார்கள். மூன்று மூன்று பேராக நான்கு முன்கள வரிசைகள், இரண்டு இரண்டு பேராக மூன்று தற்காப்பு ஜோடிகள் என்பது வழக்கமான ஏற்பாடு.

ஆக, கோச் எடுக்கும் முடிவு ஒன்றிரண்டு அல்ல. எந்த வரிசை எப்போது இறங்குவது, எதிரணியின் நட்சத்திரத்தை யார் பார்த்துக்கொள்வது, கடைசி நிமிடத்தில் யார், பெனால்டியில் யார் என்று அறுபது நிமிடமும் தேர்வுதான். ரசிகன் இதில் ஒவ்வொன்றையும் பார்த்துக்கொண்டே இருக்கிறான். அவன் வாயை எப்படி மூட முடியும்?

நகானோ, 1998

இந்த வகைச் சண்டைகளில் கனடாவில் இன்னும் ஆறாத ஒன்று 1998 குளிர்கால ஒலிம்பிக்கில் நடந்தது. அதுவரை என்எச்எல் தன் பருவத்தை நிறுத்தி ஆட்டக்காரர்களை ஒலிம்பிக்குக்கு அனுப்பியதே இல்லை. ஜப்பானின் நகானோவுக்குத்தான் முதன்முதலாக அனுப்பியது. கனடா தன் மிகச் சிறந்த ஆட்களை அனுப்பலாம். தங்கம் நமக்குத்தான் என்று நாடே நம்பியது.

சண்டை விமானம் ஏறும் முன்பே தொடங்கிவிட்டது. அணியைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு பாபி கிளார்க்கிடம் இருந்தது. அவர் பிலடெல்பியா ஃபிளையர்ஸ் அணியின் பொது மேலாளர். வெய்ன் கிரெட்ஸ்கி அணியில் இருக்கும்போதே, கேப்டன் பதவியை எரிக் லிண்ட்ரோஸுக்குக் கொடுத்தார். லிண்ட்ரோஸ் ஃபிளையர்ஸின் கேப்டன். ஆறு ஸ்டான்லி கோப்பை ஜெயித்த மார்க் மெஸியருக்கு இடமில்லை. ஆனால் டாம்பா பே அணியில் எதிரியை மடக்கும் வேலை பார்த்துவந்த, வெளியே அதிகம் பெயர் தெரியாத ராப் ஸமுனருக்கு இடம் உண்டு. "மெஸியர் வெளியே, ஸமுனர் உள்ளேயா?" என்று கனடா முழுக்கக் கேட்டார்கள். கிளார்க் தரப்பின் தர்க்கம் அசட்டுத்தனமானது அல்ல. நட்சத்திரங்களாக நிரப்பினால் தடுக்கிற வேலையை யார் செய்வது? எல்லோரும் மாப்பிள்ளையாக இருந்தால் பந்தியில் பரிமாற ஆள் வேண்டாமா?

பிப்ரவரி 20, அரையிறுதி. எதிரணி செக் குடியரசு. அவர்கள் கோலில் டொமினிக் ஹாஷெக். கனடா பிடிவாதமாக முட்டியது. கடைசி ஆட்டப் பகுதியில் செக் ஒரு கோல் போட்டு முந்தியது. 63 விநாடிகள் மிச்சமிருக்கும்போது டிரெவர் லிண்டன் சமன் செய்தார். கூடுதல் நேரத்திலும் முடிவு வரவில்லை. ஷூட்-அவுட். அணிக்கு ஐந்து பேர், ஒவ்வொருவராகத் தனியாக வட்டைக் கொண்டுபோய் கோலியை ஏமாற்ற வேண்டும்.

கோச் மார்க் க்ராஃபோர்ட் ஐந்து பேரைச் சொன்னார். தியோ ஃப்ளூரி, ரே போர்க், ஜோ நியூவெண்டைக், எரிக் லிண்ட்ரோஸ், பிரெண்டன் ஷானஹன். ஐந்து பேரையும் தாண்டி ஒன்றுகூட உள்ளே போகவில்லை. செக் தரப்பில் ராபர்ட் ரைக்கல் அடித்த ஒன்று போதுமானதாக இருந்தது. ஆட்டத்தின் வரலாற்றிலேயே அதிக கோல் அடித்திருந்த கிரெட்ஸ்கி, 37 வயதில், பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். எல்லோரும் போன பின்னும் அவர் பெஞ்சை விட்டு எழாமல் உட்கார்ந்திருந்த படம் கனடாவில் தெரியாதவர் இல்லை. மறுநாள் வெண்கலமும் ஃபின்லாந்திடம் போயிற்று.

சண்டையில் மிகவும் அடிபட்ட பெயர் போர்க். அவர் தற்காப்பு ஆட்டக்காரர். "தடுப்பாட்டக்காரனை அனுப்பிவிட்டு கிரெட்ஸ்கியை உட்கார வைத்தாயே!" என்பது ஒரு கட்சி. "போர்க் குறி தவறாதவர், ஆல்-ஸ்டார் விழாக்களில் குறிபார்த்து அடிக்கும் போட்டியைப் பலமுறை ஜெயித்தவர். கிரெட்ஸ்கியின் மேதைமை மற்றவருக்கு வட்டைக் கொடுப்பதில், தனியாகக் கோலியை ஏமாற்றுவதில் இல்லை" என்பது இன்னொரு கட்சி. க்ராஃபோர்டுக்கு எதிராக ஒரு நாடு, ஆதரவாகச் சில பேர்.

இந்தச் சண்டையை நான் படித்தவரை, இரண்டு கட்சியும் தங்கள் பக்கம் வலுவாகவே பேசுகின்றன. ஆனால் தீர்ப்பு சொல்ல வழியில்லை. கிரெட்ஸ்கி அடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை யாரும் ஓட்டிப் பார்க்க முடியாது. நடந்தது ஒரே ஒரு முறை, ஐந்து ஷாட். எங்கள் தொழிலில் சொல்வதானால், மறுபடி வரவழைக்க முடியாத 'பக்'. (இது வேறு பக்.) இதை வைத்துக்கொண்டு காலம் முழுக்க விவாதிக்கலாம். எதையும் நிரூபிக்க முடியாது.

எண்ணப்படாததை எண்ணியவர்கள்

அடுத்த பத்தாண்டில் சில ரசிகர்கள் கேள்வியை மாற்றினார்கள். ஒரு முறை நடந்த முடிவை விட்டுவிட்டு, பருவம் முழுக்கத் திரும்பத் திரும்ப நடக்கும் முடிவுகளைப் பார்த்தார்கள். கோச் இந்த ஆளை இவ்வளவு நேரம் இறக்குகிறார். அவர் பனியில் இருக்கும்போது உண்மையில் என்ன நடக்கிறது?

இதற்கு ஹாக்கியில் ஏற்கெனவே ஓர் எண் இருந்தது. மாண்ட்ரியால் அணி 1950களிலேயே தனக்குள் பயன்படுத்திய 'பிளஸ்-மைனஸ்'. நீங்கள் பனியில் இருக்கும்போது உங்கள் அணி கோல் போட்டால் பிளஸ் ஒன்று, வாங்கினால் மைனஸ் ஒன்று. 1960களின் இறுதியில் லீகே இதை அதிகாரபூர்வமாக வெளியிட ஆரம்பித்தது. யோசனை நல்லதுதான். சிக்கல், ஹாக்கியில் கோல் மிகக் குறைவு. ஓர் அணிக்கு ஆட்டத்துக்குச் சுமார் மூன்று. கோலி தூங்கிவிட்டால் உங்களுக்கு மைனஸ். அவர் பறந்து பிடித்தால் நீங்கள் தப்பினீர்கள். இதில் ஆட்டக்காரனின் திறமை எவ்வளவு, அதிர்ஷ்டம் எவ்வளவு என்று பிரிப்பது கஷ்டம்.

இங்கேதான் எனக்குப் பிடித்த கிளைக்கதை வருகிறது. பஃபலோ ஸேபர்ஸ் அணியின் கோல்கீப்பர் பயிற்சியாளர் ஜிம் கோர்ஸி. தன் கோலி ஓர் ஆட்டத்தில் எவ்வளவு உழைக்கிறார் என்று அளக்க அவருக்கு ஓர் ஆசை. பிடித்த ஷாட்டுகளை மட்டும் எண்ணினால் போதாது என்று நினைத்தார். வெளியே போன ஷாட்டுக்கும் கோலி தயாராகத்தானே வேண்டும்? நடுவில் ஒருவர் காலில் பட்டு நின்ற ஷாட்டுக்கும் குனிந்து நிமிரத்தானே வேண்டும்? அதனால் எல்லா முயற்சிகளையும் எண்ணினார்.

சிகாகோவில் நிதித் துறையில் வேலை பார்த்த டிம் பார்ன்ஸ் ஓர் எட்மண்டன் ஆய்லர்ஸ் ரசிகர். 'விக் ஃபெராரி' என்ற புனைபெயரில் எழுதிவந்தவர். பஃபலோவின் பொது மேலாளர் டார்ஸி ரீகியர் வானொலியில் ஷாட் வித்தியாசம் பற்றிப் பேசியதைக் கேட்டார். யோசனையைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு ஆட்டக்காரரும் பனியில் இருக்கும்போது நம் பக்கமிருந்து எத்தனை முயற்சி, எதிர்ப்பக்கமிருந்து எத்தனை முயற்சி என்று கணக்கிட்டார். பெயர் வைக்க வேண்டுமே? பஃபலோ ஆட்களின் படங்களைப் பார்த்தபோது கோர்ஸியின் மீசை அவருக்குப் பிடித்துப்போயிற்று. 'கோர்ஸி' என்று வைத்துவிட்டார். ஒரு லீகின் சம்பளப் பேச்சுவார்த்தைகளில் பின்னாளில் புழங்கிய எண்ணுக்கு ஒரு மீசையால் பெயர் வந்தது.

ஏன் இது வேலை செய்தது? எண்ணிக்கைதான் காரணம். கோல் மூன்று என்றால், ஷாட் முயற்சி ஐம்பதைத் தாண்டும். வட்டு யார் பக்கம் அதிகம் இருக்கிறது என்பதற்கு அது மறைமுகமான அளவு. சில பத்து ஆட்டங்களிலேயே ஓரளவு நம்பத்தக்க படம் கிடைத்துவிடும்.

தரவு எங்கிருந்து வந்தது என்றால், லீகே கொடுத்தது. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் எந்த விநாடியில் என்ன நடந்தது, அப்போது பனியில் யார் யார் என்ற அறிக்கையை வெளியிட்டது. பெரும்பாலான ரசிகர்களின் கணக்கு 2007-08 பருவத்திலிருந்துதான் தொடங்குகிறது. நான் அதில் சிலவற்றைத் திறந்து பார்த்தேன். ஒன்றும் ரகசியமில்லை, வரிசை வரிசையாக அட்டவணை. அதைப் படித்துக் கூட்டுகிற ப்ரோகிராமை கல்லூரி மூன்றாம் ஆண்டு மாணவர் ஒரு வாரக் கடைசியில் எழுதிவிடுவார். கல்வெட்டு அறிக்கைகளும் அப்படித்தான் நம் அலமாரிகளில் தூங்குகின்றன என்று நினைத்துக்கொண்டேன். அச்சாகிக் கிடப்பதைக் கூட்டிப் பார்க்க ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

உடனே நியாயமான எதிர்ப்பு ஒன்று வந்தது. கோச் சிலரை எப்போதும் நம் கோலுக்குப் பக்கத்தில், எதிரணியின் சிறந்த வரிசைக்கு எதிராகத்தான் இறக்குவார். அவர்கள் எண் மோசமாகத்தானே இருக்கும்? ஐ.டி. ஆட்களுக்கு இது உடனே புரியும். டீமில் கெட்டிக்காரர் ஒருவர் இருப்பார். தீர்க்கவே முடியாத டிக்கெட்டெல்லாம் அவர் தலையில் விழும். வருடக் கடைசியில் மூடிய டிக்கெட் எண்ணிக்கையைப் பார்த்தால் அவர்தான் கடைசி. இந்தக் குறையைச் சரிசெய்ய, கல்கரியைச் சேர்ந்த ராப் வால்மன் ஒரு வரைபடம் போட்டார். ஓர் அச்சில், எந்தப் பகுதியில் ஆட்டத்தைத் தொடங்குகிறார். இன்னோர் அச்சில், எவ்வளவு வலுவான எதிரியைச் சந்திக்கிறார். வட்டத்தின் அளவிலும் நிறத்திலும் அவருடைய ஷாட் கணக்கு. கோச் யாரை எதற்குப் பயன்படுத்துகிறார் என்பதே ஒரு பக்கத்தில் படமாகிவிட்டது. ரசிகர்கள் கோச்சைத் திட்டுவதற்கு முன் அவருடைய காரணத்தைப் படிக்கக் கற்றது இதில்தான் என்பேன்.

டொரொண்டோவில் நடந்த பரிசோதனை

கணக்குக்காரர்களும் கண்ணால் பார்ப்பவர்களும் நேருக்கு நேர் மோதிக்கொண்ட இடம் டொரொண்டோ. மேப்பிள் லீஃப்ஸ் அணி கடைசியாகக் கோப்பை ஜெயித்தது 1967ல். 2004க்குப் பிறகு 2013ல்தான் மறுபடி பிளே-ஆஃப் எட்டியது. பாஸ்டனுக்கு எதிரான ஏழாவது ஆட்டம், மே 13. கடைசிப் பகுதியில் 4-1 என்று முன்னிலை. பதினோரு நிமிடம்கூட மிச்சமில்லை. அங்கிருந்து நேதன் ஹார்ட்டன் ஒன்று போட்டார். கடைசி 82 விநாடிகளுக்குள் இன்னும் இரண்டு. கூடுதல் நேரத்தில் பெர்ஜரான் கதையை முடித்தார். 5-4.

துரதிர்ஷ்டம், அடுத்த வருடம் பார்க்கலாம் என்றது ஒரு கட்சி. இதில் ஆச்சரியமே இல்லை என்றது கணக்குக் கட்சி. அந்தப் பருவம் முழுக்க லீஃப்ஸ் அடித்ததைவிட வாங்கிய ஷாட்டுகள் மிக அதிகம். ஷாட் கணக்கில் லீகின் அடிமட்டத்தில் இருந்தார்கள். ஜெயித்ததற்குக் காரணம், அடித்த ஷாட்டில் கோலாகும் விகிதம் வழக்கத்துக்கு மீறி உயர்ந்திருந்தது. அந்த விகிதத்தையும் நம் கோலி தடுக்கும் விகிதத்தையும் கூட்டினால் லீகின் சராசரி எப்போதும் 100. ஒருவர் போட்ட கோல் இன்னொருவர் வாங்கியதுதானே! நூறுக்கு மேலே ரொம்ப தூரம் போன அணி பெரும்பாலும் இறங்கிவிடும்.

கோச் ராண்டி கார்லைல் சாதாரண ஆள் இல்லை. சிறந்த தற்காப்பு ஆட்டக்காரருக்கான விருது வாங்கியவர், 2007ல் அனஹைம் அணிக்குக் கோப்பை வாங்கிக் கொடுத்தவர். முரட்டு ஆட்டம் அவருக்குப் பிடிக்கும். சண்டை போடுவதற்கென்றே கோல்டன் ஆர், ஃப்ரேஸர் மெக்லாரன் என்று இரண்டு பேரை அணியில் வைத்து, ஆட்டத்துக்குச் சில நிமிடம் இறக்கினார். அந்தக் கோடையில் நிர்வாகம் எடுத்த முடிவுகளும் அதே திசையில் போயின. கணக்குக்காரர்கள் பெரிதும் மதித்த மிகைல் கிராபோவ்ஸ்கியைப் பணம் கொடுத்து அனுப்பினார்கள். உள்ளூரில் பிறந்த டேவிட் கிளார்க்ஸனை 7 வருடம், 36.75 மில்லியன் டாலர் ஒப்பந்தத்தில் கொண்டுவந்தார்கள். நம்ம ஊர்ப் பையன், முட்டி மோதி ஆடுவான், ஒரு பருவத்தில் 30 கோல் போட்டவன் என்று நிறைய ரசிகர்கள் கொண்டாடினார்கள். அந்த 30 ஒரே ஒரு முறை வந்தது என்று சொன்னவர்களைப் பார்த்து, "எக்ஸெல் ஷீட்டை மூடிட்டு மேட்சைப் பாருங்கப்பா" என்கிற தொனியில் பதில் வந்தது.

2013-14 நன்றாகவே தொடங்கியது. அணி ஆட்டத்துக்குச் சராசரியாக 36க்கு நெருக்கமாக ஷாட் வாங்கிக்கொண்டே ஜெயித்தது. மார்ச் நடுவில் உடைந்தது. தொடர்ந்து எட்டுத் தோல்வி. கடைசி 14 ஆட்டங்களில் இரண்டே வெற்றி. பிளே-ஆஃப் போயிற்று. கிளார்க்ஸன் 60 ஆட்டங்களில் போட்டது 5 கோல். முதன்மைக் கோலி ஜோனதன் பெர்னியே அதே சமயத்தில் காயம்பட்டார் என்பதையும் சொல்ல வேண்டும். கார்லைல் தரப்புக்கு அது நியாயமான வாதம். கணக்குக்காரர்கள் கேட்டது, கோலி ஒருவர் போனவுடன் சரிகிற வீட்டை யார் கட்டியது என்று.

2014 கோடையில் நிலைமை தலைகீழ். லீஃப்ஸ் 28 வயது கைல் டூபாஸை உதவிப் பொது மேலாளராக்கியது. ரசிகர்களுக்காக இந்தக் கணக்குகளை இலவசமாகத் தொகுத்துவந்த டாரில் மெட்காஃபை வேலைக்கு எடுத்தது. எட்மண்டன் அணி, தன்னையே விமர்சித்து எழுதிவந்த டைலர் டெல்லோ என்ற டொரொண்டோ வழக்கறிஞரைச் சேர்த்துக்கொண்டது. டிம் பார்ன்ஸ் வாஷிங்டன் பக்கம் போனார். வால்மனும் பின்னாளில் லாஸ் ஏஞ்சலஸ் அணிக்குப் போனார். "உனக்கென்ன தெரியும்?" என்று கேட்டவர்கள் சம்பளம் கொடுத்துக் கேட்க ஆரம்பித்தார்கள்.

கிளார்க்ஸன் கதைக்கு ஒரு வால் உண்டு. 2015 பிப்ரவரியில் அவரைக் கொலம்பஸுக்குக் கொடுத்துவிட்டு, பதிலுக்கு முதுகு காயத்தால் இனி ஆடவே முடியாத ஒருவரின் ஒப்பந்தத்தை லீஃப்ஸ் வாங்கிக்கொண்டது. சம்பள உச்சவரம்பு விதியில் நீண்டகாலக் காயக்காரருக்குச் சலுகை உண்டு. ஆடுகிற கிளார்க்ஸனைவிட ஆடாதவர் லாபம். அந்த ஆடாதவர் யார் தெரியுமா? 2013 மே 13ல் 4-1ஐ 4-2 ஆக்கிய நேதன் ஹார்ட்டன்.

ஜெயித்த பிறகு

இதோடு நிறுத்தினால் கதை வெளியாட்களின் வெற்றிவிழாவாக முடியும். ஆனால் நடந்தது அப்படி இல்லை. 2015 ஜனவரியில் கார்லைலை நீக்கியபோது அணி 40 ஆட்டங்களில் 21 ஜெயித்திருந்தது. நீக்கிய பின் மிச்ச 42ல் ஜெயித்தது 9. ஷாட் கணக்கு சீரானது, கோல் வறண்டது. டூபாஸ் 2018ல் பொது மேலாளரானார், 2023ல் போனார். வருடா வருடம் பிளே-ஆஃப். அவர் காலத்தில் லீஃப்ஸ் ஜெயித்த பிளே-ஆஃப் தொடர் ஒன்றே ஒன்று. கோப்பைக்கு 1967 இன்னும் கடைசி வருடம்தான். விவாதத்தில் ஜெயிப்பதும் கோப்பையை ஜெயிப்பதும் வேறு வேறு வேலை.

அப்படியானால் ரசிகர்கள் போட்ட கணக்குக்கு என்ன பயன்? எனக்குத் தோன்றுவது இதுதான். அந்தக் கணக்கு யாரையும் மேதை ஆக்கவில்லை. பேசும் தகுதி எங்கிருந்து வருகிறது என்பதை மட்டும் மாற்றியது. முன்பு ஆடியவன் சொன்னால் போதும். இப்போது ஆடியவனும் எண்ணைக் காட்ட வேண்டும். ஆடாதவன் காட்டினாலும் கேட்கத்தான் வேண்டும். எண் தப்பாக இருந்தால் அதைத் தப்பு என்று காட்டுவதற்கும் யாரும் மட்டை பிடித்திருக்க வேண்டியதில்லை. ஷாட்டின் எண்ணிக்கை போதாது, எங்கிருந்து அடித்தது என்பதும் வேண்டும் என்று கோர்ஸியைத் திருத்தியவர்களும் பெரும்பாலும் வெளியாட்களே.

நகானோ மட்டும் அப்படியே இருக்கிறது. நான்கு வருடம் கழித்து சால்ட் லேக் சிட்டியில் கனடா தங்கம் வாங்கியது, ஐம்பது வருடத்துக்குப் பிறகு. அந்த அணியைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பில் இருந்தவர் வெய்ன் கிரெட்ஸ்கி. தங்கம் வந்துவிட்டதால் அந்தத் தேர்வைப் பற்றி யாரும் பெரிதாகச் சண்டை போடவில்லை. 1998ன் ஐந்து பெயர்களைச் சொல்லி க்ராஃபோர்டை இன்னும் திட்டிக்கொண்டிருக்கிறார்கள்.